பிலிமில் தெரியாத வியாதிகள்

நம்மவர் யாருக்காவது கழுத்தில் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டால் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள்தான். எந்த டாக்டர்? எவ்வளவு ஆகும்? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. கழுத்தைத் தவிர அவருக்கு வேறு என்ன வியாதி இருக்கிறது? இதை யாரும் கேட்பதில்லை. நானும் பல வருஷம் கேட்டதில்லை.

நான் டாக்டர் இல்லை. மராத்தியும் ஹிந்தியும் ஒப்பேற்றத் தெரியும் என்ற ஒரே தகுதியில், ஊரிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கும் பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் துபாஷ் வேலை பார்க்கிறவன். பிள்ளை ஹிஞ்ஜேவாடியிலோ சாக்கனிலோ ஷிப்டில் இருப்பார். மருமகள் குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வர வேண்டும். "சார், இன்னிக்கு ஒரு நாள் அப்பாவோட போயிட்டு வந்துடறீங்களா?" என்று போன் வரும். போவேன். அப்படிப் போய் உட்கார்ந்த நாற்காலிகளில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். அதில் என் தவறும் ஒன்று உண்டு.

அந்த மாமாவுக்கு 66 வயது. கும்பகோணம் பக்கம். மாமி காலமான பிறகு பிம்ப்ரியில் இருக்கும் மகனிடம் வந்துவிட்டார். சுத்த சைவம். சர்க்கரைக்கு 11 வருஷமாக மாத்திரை. உள்ளங்கால் மதமதவென்று இருக்கிறது, பஞ்சின் மேல் நடப்பது போல் இருக்கிறது என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. சட்டைப் பொத்தான் போடப் பத்து நிமிஷம் ஆயிற்று. சில்லறையை எண்ணினால் கீழே சிந்தியது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கழுத்தில் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவில் இருந்த டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. ஆபரேஷன் வேண்டும் என்றார் சர்ஜன். சரியான முடிவுதான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

அந்த அறையில் சர்ஜன் ஹிந்தியில் என்னிடம் கேட்டார்: வேறு ஏதாவது வியாதி உண்டா? நான் மாமா பக்கம் திரும்பி, "சுகரைத் தவிர வேற ஒண்ணும் இல்லையே மாமா?" என்றேன். "ஒண்ணும் இல்லேப்பா" என்றார் மாமா. நான் ஹிந்தியில், "சுகர் மட்டும், கண்ட்ரோலில் இருக்கிறது" என்றேன். அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சர்ஜன் கேட்டது ஒரு கேள்வி. நான் மொழிபெயர்த்தது வேறு. "இல்லையே?" என்று கேட்டால் எந்தப் பெரியவரும் "இல்லை" என்றுதான் சொல்வார். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், நமக்காக டாக்டரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற கூச்சம் வேறு.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. கைக்குத் தெம்பு வந்தது. கால் மட்டும் அப்படியே இருந்தது. காலையில் வாஷ்பேசின் முன்னால் நின்று முகத்தில் தண்ணீர் அடித்துக் கண்ணை மூடினால் போதும், மாமா ஆடிப் போய்விடுவார். இரண்டு தடவை விழுந்தார். "இவ்வளவு செலவழிச்சு என்ன பிரயோஜனம்?" என்று வீட்டில் பேச்சு வந்தது. சர்ஜனைப் பற்றியும் பேசினார்கள். எட்டு மாதம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காகப் பார்த்த ஒரு பொது மருத்துவர், பி12 வைட்டமின் அளவைப் பார்க்கச் சொன்னார். அதலபாதாளத்தில் இருந்தது. ஊசி போட ஆரம்பித்தார்கள். கால் பாதி தேறியது. மீதிப் பாதி தேறவில்லை. இரண்டு வருஷம் பட்டினி கிடந்த நரம்பு அவ்வளவுதான் திரும்பி வரும் என்றார் டாக்டர்.

மாமாவின் ஒரே தண்டுவடத்தில் இரண்டு வியாதிகள் இருந்தன. ஒன்று பிலிமில் பளிச்சென்று தெரிந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம்.

பி12 பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் வீட்டு விஷயம். இந்த வைட்டமின் தாவரங்களில் கிடையாது. மாமிசம், மீன், முட்டை, பால், இவற்றிலிருந்துதான் வர வேண்டும். சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும்தான் கதி. அதையும் காப்பிக்கு ஒரு கரண்டி, சாதத்துக்கு நீர்மோர் என்று அளந்து விடுகிற வீடுகள் எத்தனை! உடம்பு பி12-ஐச் சில வருஷத்துக்குச் சேமித்து வைத்திருக்கும் என்பதால் குறைவு மெதுவாகத்தான் வெளியே வரும். வரும்போது இரத்தச் சோகையாக வரலாம், மறதியாக வரலாம், தண்டுவடத்தின் பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் அரித்துக்கொண்டும் வரலாம். கடைசியாகச் சொன்னது வந்தால் காலில் மதமதப்பு, இருட்டில் தள்ளாட்டம், கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் இருக்கும். கழுத்து டிஸ்க் தண்டுவடத்தை அழுத்தினாலும் இதே தொந்தரவுகள் வரலாம். கேட்பவருக்கு எது எது என்று பிரிக்கத் தெரியாது. சில சமயம் இரண்டுமே இருக்கும், மாமாவுக்கு இருந்தது போல.

சர்க்கரைக்கு நம்மில் பெரும்பாலோர் சாப்பிடும் மெட்பார்மின் மாத்திரை, குடல் பி12-ஐ உறிஞ்சுவதைக் குறைக்கும். அதிக அளவில் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு இது முக்கியம். மெட்பார்மின் சாப்பிடுகிறவருக்கு அறிகுறி இருந்தால் பி12 பாருங்கள் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் டாக்டர்களுக்கு நினைவூட்டியது. நெஞ்செரிச்சலுக்கென்று காலையில் வெறும் வயிற்றில் போடுகிறோமே, ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், அவையும் நெடுங்காலம் சாப்பிட்டால் அதே வேலையைச் செய்யக்கூடும். சைவம், மெட்பார்மின், அசிடிட்டி மாத்திரை மூன்றும் சேர்ந்த பெரியவர் இல்லாத தமிழ் வீடு எது என்று யோசித்துப் பாருங்கள்.

மாத்திரையை உடனே நிறுத்திவிடாதீர்கள். நான் சொல்வது அதுவல்ல. மெட்பார்மின் நல்ல மருந்து. பி12 பரிசோதனையும் கூட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் குறைவைப் பற்றி நம் நாட்டில் மிக விரிவாக ஆராய்ந்த ஊர்களில் நாம் குடியிருக்கும் புனேவும் ஒன்று. ராஸ்தா பேட்டில், சர்தார் முதலியார் சாலையில் இருக்கிற கே.இ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் பல வருஷமாகச் செய்த வேலை அது. 2006-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு ஒன்றில் கிராமம், சேரிப் பகுதி, நகரத்து நடுத்தர வர்க்கம் என்று மூன்று இடங்களிலிருந்து நடுவயது ஆண்கள் 441 பேரைப் பரிசோதித்தார்கள். 67 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் பி12 குறைவு. கிராமத்தான்தான் சத்தில்லாமல் இருப்பான் என்று நினைப்போம். நகரத்து நடுத்தர வர்க்கத்தில் குறைவு 81 சதவீதம்! இரத்தத்தில் அளவு குறைந்த எல்லோருக்கும் நரம்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலோர் தொந்தரவு தெரியாமலே இருப்பார்கள். ஆனால் ஊரே இப்படி இருக்கும்போது, கை கால் மரத்துப் போய்க் கழுத்து ஆபரேஷனுக்கு வருகிறவருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் விடுவது எந்த வகை நியாயம்? ஆபரேஷன் பில்லில் ஒரு நாள் அறை வாடகைகூட ஆகாத பரிசோதனை.

மயக்க மருந்து டாக்டருக்கும் இதில் அக்கறை உண்டு. நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு, உடம்பில் உள்ள பி12-ஐச் செயலிழக்கச் செய்துவிடும். போதுமான இருப்பு உள்ளவருக்கு ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே விளிம்பில் நிற்பவருக்கு, ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்துக் கால் தள்ளாட ஆரம்பித்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. எல்லா ஆபரேஷனிலும் அந்த வாயுவைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் அவர் வேறு வாயுவை எடுத்துக்கொள்வார். தெரியாவிட்டால்?

சரி, பிலிமில்தான் டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரிகிறதே, பிறகென்ன சந்தேகம் என்று கேட்கலாம். ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்குக் கழுத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. தண்டுவடமே அழுத்தப்பட்டிருந்தவர்கள் 5.3 சதவீதம். நரை போல, வயதானால் கழுத்து டிஸ்க்கும் தேயும். ஆகவே பிலிமில் ஒன்று தெரிகிறது என்பதாலேயே இவருடைய எல்லாத் தொந்தரவுக்கும் அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. நல்ல சர்ஜன்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார்கள், நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். பிலிமை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கும் நமக்குத்தான் தெரிவதில்லை.

இதில் மிகக் கொடுமையானது ஒன்று உண்டு. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-ல் கண்டுபிடித்தார்களே, மோட்டார் நியூரான் வியாதி, அது சிலருக்குக் கையில்தான் ஆரம்பிக்கும். கை மெலியும், பலம் குறையும். வயதானவர் என்றால் எம்.ஆர்.ஐ.யில் கழுத்து டிஸ்க்கும் தேய்ந்திருக்கும். கழுத்துதான் காரணம் என்று ஆபரேஷன் செய்து, அதன் பிறகும் கை மெலிந்துகொண்டே போய், அப்புறம்தான் உண்மை தெரிந்தது என்பது உலகம் முழுவதும் நடந்திருக்கிறது. மரத்துப் போவதே இல்லாமல் கை மட்டும் மெலிந்தால், தசை தானாகத் துடித்தால், பேச்சோ விழுங்குவதோ மாறினால், ஆபரேஷனுக்கு முன் நியூராலஜிஸ்ட் ஒருவரும் பார்க்க வேண்டும். இது அபூர்வம். அபூர்வம் என்பதால்தான் தப்பிப் போகிறது.

"பிட்னஸ் வாங்கியாச்சே சார்!" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். ஆபரேஷனுக்கு முன் ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, சர்க்கரை, உப்பு எல்லாம் பார்த்துப் பொது மருத்துவர் கையெழுத்துப் போடுவாரே, அந்தச் சீட்டு. என் வாதமே இங்கேதான் இருக்கிறது. அந்தச் சீட்டு பதில் சொல்லும் கேள்வி, இவர் மயக்க மருந்தைத் தாங்குவாரா என்பது. நாம் கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு. இவருடைய தொந்தரவில் கழுத்தால் வந்தது எவ்வளவு, வேறு வியாதியால் வந்தது எவ்வளவு? ஆபரேஷன் முடிந்த பிறகு தேறுவதைக் கெடுக்கக்கூடிய வியாதி ஏதாவது உண்டா? இந்த இரண்டுக்கும் பிட்னஸ் சீட்டில் இடமில்லை. சர்ஜன் பொது மருத்துவர் பார்த்திருப்பார் என்று நினைக்கிறார். பொது மருத்துவர், தன்னிடம் கேட்டது பிட்னஸ்தானே என்று கையெழுத்துப் போடுகிறார். இருவருமே தம் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள். நடுவில் விழுந்தது நம் மாமா.

சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் அன்று காலையில் 130 இருந்தால் எல்லோருக்கும் திருப்தி. மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்.பி.ஏ.1.சி. உயர்ந்திருந்தால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும் அபாயம் கூடும். சர்க்கரையே பாத நரம்புகளைக் கெடுத்திருக்கலாம். அப்படிக் கெட்டது கழுத்து ஆபரேஷனால் திரும்பி வராது. இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் வீட்டில் ஏமாற்றமும் இல்லை, டாக்டர் மேல் கோபமும் இல்லை. "அவர் ஒல்லி, அவருக்கு ஏது சுகர்?" என்று சொல்பவர்களுக்கு மறுபடியும் டாக்டர் யாஜ்னிக்கையே காட்ட வேண்டும். அவரும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று 2004-ல் லான்செட் இதழில் வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் நாட்டு ஒல்லி நம்பத் தகுந்ததல்ல.

குறட்டையைப் பற்றி யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. அது ஒரு வியாதியா என்று சிரிப்பார்கள். படுத்ததும் பலமாகக் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று இழுப்பது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம், இவை இருந்தால் தூக்கத்தில் மூச்சு அடைபடும் வியாதி இருக்கலாம். கழுத்தின் முன்பக்கமாக ஆபரேஷன் செய்தால் தொண்டையில் கொஞ்சம் வீக்கம் வரும். அதோடு வலிக்காகக் கொடுக்கும் மார்பின் வகை மருந்துகள் மூச்சை மந்தமாக்கும். முதல் நாள் இரவில் இவை இரண்டும் குறட்டைக்காரரிடம் சேர்ந்தால் ஆபத்து. கண்காணிப்பு அறையில் ஒரு இரவு கூடுதலாக வைத்தால் தீர்ந்தது. ஆனால் இதைச் சொல்ல வேண்டியது பக்கத்தில் படுக்கும் மாமி. மாமியை யாரும் கன்சல்டிங் அறைக்குள் அழைப்பதே இல்லை.

மூட்டு வலிக்கென்று வருஷக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டு, ஊரில் ஒருவர் கொடுத்த பெயர் தெரியாத பொடி (அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு), இதயத்துக்கான ஆஸ்பிரின், குளோபிடோகிரல், எல்லாம் கணக்கில் வர வேண்டும். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. இரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்தாவிட்டால் கழுத்துக்குள் இரத்தம் கட்டலாம், ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் இதயத்தில் அடைப்பு வரலாம். எதை எப்போது நிறுத்துவது என்று இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணாவின் அனுபவத்தை வைத்து அல்ல.

கழுத்தில் தண்டுவடப் பாதை குறுகியவர்களில் சிலருக்கு இடுப்பிலும் குறுகியிருக்கும். கழுத்து முடிந்தது, கால் ஏன் இன்னும் இழுக்கிறது என்று அலைகிறவர்களில் சிலருடைய கதை அதுதான்.

இனி புலம்பெயர்ந்த நமக்கே உரிய சங்கடம். நம் பெரியவர்களின் வைத்திய வரலாறு ஒரே ஊரில் கிடையாது. ஈ.சி.ஜி. மதுரையில், சர்க்கரை பைல் பெண் வீட்டில் சென்னையில், 2011-ல் நடந்த தைராய்டு ஆபரேஷன் பேப்பர் பரணில், எம்.ஆர்.ஐ. மட்டும் புனேயில். உள்ளூர் டாக்டருக்கு எல்லாமே புதிது. முப்பது வருஷமாக அந்தக் குடும்பத்தைப் பார்த்த ஊர் டாக்டர் வாய்திறந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அவரிடம் போனில் பேச வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றால் மராத்தியிலும் அதற்கு எறும்புதான், "முங்க்யா". அது தப்பித்தது. "மதமதப்பு" என்பதை நான் ஹிந்தியில் வலி என்று சொல்லி வைத்த காலம் உண்டு. ஒரு பாட்டி, "கோலம் கோணலாப் போறது" என்று சொன்னார். புள்ளி வைத்துக் கோலம் இழுத்த கை நேர்க்கோடு போடவில்லை என்றால், அதைவிடத் துல்லியமாகத் தண்டுவட அழுத்தத்தை யார் சொல்ல முடியும்? நான் அதை மொழிபெயர்க்கவே இல்லை. டாக்டருக்கு அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

"எந்த ஊர் உங்களுக்கு?" என்று இரண்டு தமிழர் சந்தித்தால் முதலில் கேட்போம். இந்தக் கேள்வி வைத்தியத்துக்கும் வேண்டியது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல கிராமங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். வருஷக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும், எலும்பு கனக்கும், முதுகெலும்பின் நார்கள் எலும்பாக இறுகும். கழுத்தில் அப்படி இறுகித் தண்டுவடத்தை அழுத்துவதும் உண்டு. இந்தியாவில் இந்த வியாதியை டாக்டர்கள் முதலில் விவரித்து எழுதியதே 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களை வைத்துத்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஐம்பது வருஷம் கிணற்றுத் தண்ணீர் குடித்துவிட்டு இங்கே மகனோடு வந்திருக்கும் தாத்தாவின் எலும்புக்கு அது தெரியாது. பென்னாகரம் எங்கே இருக்கிறது, அங்கே தண்ணீர் எப்படி என்று புனே சர்ஜன் எப்படி அறிவார்? நாம் சொன்னால்தான் உண்டு.

இன்னொன்றை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. தெரியாமல் விடுபடுவது ஒரு பக்கம். தெரிந்தே மறைப்பது இன்னொரு பக்கம். மெடிகிளெய்ம் எடுக்கும்போது சர்க்கரையை எழுதாமல் விட்டிருப்பார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் சொன்னால் கேஸ் பேப்பரில் ஏறிவிடும், பணம் வராது என்ற பயம். "டாக்டர் கேட்டா பிபி மட்டும் சொல்லுங்க சார்" என்று என்னிடமே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து மறைத்ததைக் கத்தி பிடிப்பவரிடமிருந்தும் மறைக்கிறோம். 2024-ல் வந்த விதிகளின்படி, பாலிசி எடுக்கும்போது சொன்ன வியாதிக்குக் காத்திருக்கும் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம்தான். முன்பு நான்கு வருஷமாக இருந்தது. அப்பாவுக்குப் பாலிசி எடுக்கும் பிள்ளைகள் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டால், பின்னால் ஆபரேஷன் மேஜைக்கு முன் இந்தத் திருட்டு முழி முழிக்க வேண்டியதில்லை.

என் பேச்சைக் கேட்டு யாரும் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்டுவடம் பலமாக அழுத்தப்பட்டு நடை வேகமாகக் கெட்டுக்கொண்டிருந்தால், மூத்திரம் கட்டுக்குள் இல்லை என்றால், காத்திருப்பதே ஆபத்து. அவருக்குப் பி12 குறைவும் இருந்தால் ஊசியையும் போட்டு ஆபரேஷனையும் செய்யலாம், டாக்டர்கள் அப்படிச் செய்கிறார்கள். பரிசோதனை என்பது ஆபரேஷனைத் தவிர்க்கும் தந்திரம் அல்ல. "இதெல்லாம் கேட்டால் டாக்டருக்குக் கோபம் வராதா?" என்பார்கள். என் அனுபவத்தில் ஒருவருக்கும் கோபம் வந்ததில்லை. எழுதிக் கொண்டுபோய் நீட்டினால் சந்தோஷமே படுகிறார்கள், ஏனென்றால் நின்றுகொண்டு கதை கேட்க அவர்களுக்கு நேரமில்லை. ஒரு சர்ஜன் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இதை யார் எழுதியது, எல்லோரும் இப்படிக் கொண்டுவந்தால் என்ன என்றார்.

அந்தத் தாளைப் பற்றித்தான் சங்கத்திடம் எனக்கு ஒரு விண்ணப்பம். ஒரே பக்கம். ஒரு பாதி தமிழில், பெரியவரும் வீட்டில் உள்ளவர்களும் உட்கார்ந்து நிரப்ப. மறு பாதி அதே வரிசையில் ஆங்கிலத்தில், டாக்டர் பார்க்க. பிறந்து வளர்ந்த ஊர், குடித்த தண்ணீர், சாப்பாடு சைவமா, எந்த மாத்திரை எத்தனை வருஷமாக, நாட்டு மருந்து, முன்பு நடந்த ஆபரேஷன், குறட்டை, விழுந்தது எத்தனை தடவை, கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா, ஊர் டாக்டரின் போன் நம்பர். "வேறு வியாதி உண்டா?" என்ற கேள்வி மட்டும் அதில் வேண்டாம். அதற்குப் பதில் எப்போதும் "இல்லை"தான்.

தமிழ்ப் பாதியை நான் எழுதி வைத்துவிட்டேன். ஆங்கிலப் பாதியைச் சரிபார்க்க நம் உறுப்பினர்களில் ஒரு டாக்டர் வேண்டும். மராத்தியில் ஒரு பிரதி இருந்தால் வார்டில் சிஸ்டர்களுக்கும் உதவும், அதற்கு இங்கேயே பள்ளியில் படித்து வளர்ந்த நம் பிள்ளைகள் யாராவது வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க நூலகத்தில் இருப்பேன். மாமாவும் வருவார், கைத்தடியோடு.